ஐசியில் அரிசி வாங்கலாம், சோறு வாங்க முடியாது: ஹாஸ்டலில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பிரிவு: சுங்கை சிப்புட் (மலேசியா) நம்ம ஊர் > படிப்பு, உதவி, வேலை

லயத்துக்கிளி
8 நவம்பர் 2025, இரவு 10.14

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 19. ஈப்போ பக்கத்தில் ஒரு கல்லூரியில் டிப்ளோமா, மூன்றாவது செமஸ்டர். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மா வீட்டில். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். எஸ்டிஆர், அதாவது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் ரொக்க உதவி, அப்பா பெயரில் வருகிறது. ஏப்ரலிலிருந்து மளிகைச் சாமான் வாங்க மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்) சாரா உதவியும் அப்பா ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஏறுகிறது. அது வீட்டுக்கே சரியாகப் போய்விடும், அதில் கை வைக்க எனக்கு மனசு வராது.

எனக்கென்று வந்தது அந்த ஆகஸ்ட் 31 காசு ஒன்றுதான். 18 வயது முடிந்த எல்லாருக்கும் ஐசியில் ஏற்றிக் கொடுத்தார்களே, அந்த ஒரு தடவை 100 வெள்ளி சாரா. இரண்டு தடவை போய் மைலோ, பிஸ்கட், ரொட்டி, சார்டின் டின், மெகி நூடுல்ஸ், சோப்பு, பேட் எல்லாம் வாங்கினேன். 63 வெள்ளி போனது. மீதி 37 இருக்கிறது. டிசம்பர் 31-க்குள் முடிக்க வேண்டும்.

பிரச்சினை இதுதான். அரிசியும் முட்டையும் வாங்கி நான் என்ன செய்வது? ஹாஸ்டலில் சமைக்கக் கூடாது. முதல் செமஸ்டரில் என் அறைத் தோழி குட்டி ரைஸ் குக்கர் ஒன்றைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தாள். திடீர் சோதனையில் எடுத்துக்கொண்டு போனார்கள். செமஸ்டர் முடிந்துதான் திருப்பிக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் அன்றைக்கு வைத்த சோறு அப்படியே காய்ந்து அடியில் ஒட்டியிருந்தது. மாடிக்கு ஒரு சுடுதண்ணீர் மெஷின் உண்டு, அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து வாரம் 50 வெள்ளி தருகிறார்கள். கேண்டீனில் சோறு, கோழி, ஒரு காய் எடுத்தால் 6 வெள்ளிக்குக் குறையாது. இரண்டு வேளை என்றால் ஐந்து நாளைக்கு 60. அதனால் பகலில் மட்டும் சோறு. இரவில் மூடி போட்ட டம்ளரில் மெகியை ஊறவைத்துத் தின்பது. பிடிபிடிஎன் கல்விக் கடன் காசு செமஸ்டர் தொடங்கி நாள் கழித்துத்தான் வருகிறது, வந்ததும் ஃபீஸுக்குப் போய்விடுகிறது.

படிக்கிற பிள்ளைகளுக்குச் சமைத்த சாப்பாட்டுக்கென்று அரசாங்க உதவி ஏதாவது உண்டா? யாரிடம் போய்க் கேட்பது?

முனைக்கடை
8 நவம்பர் 2025, இரவு 10.51

தங்கச்சி, நான் மளிகைக்கடை வைத்திருப்பவன். எங்கள் கடையிலும் சாரா மெஷின் இருக்கிறது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காசுக்கு 14 வகைப் பொருள்தான். அரிசி, முட்டை, ரொட்டி, பிஸ்கட், எண்ணெய், மாவு, டின் சாமான், மெகி, மசாலா, குடிக்கிற பொடிகள், மருந்து, பள்ளிக்கூடச் சாமான், குளிக்கிற சோப்பு, வீடு கழுவுகிற சோப்பு. பட்டியலில் உள்ள பார்கோடு என்றால் மெஷின் ஏற்றுக்கொள்ளும். இல்லாததைக் காட்டினால் தள்ளிவிடும், அதற்குக் கையில் காசு கொடுக்க வேண்டும். கட்டின சோற்றுக்கு ஏது பார்கோடு? என் கடை வாசலில் ஓர் அக்கா நாசி லெமாக் விற்கிறார். அவரிடமே இரண்டு பேர் ஐசியை நீட்டிவிட்டார்கள். பாவம், சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

முதல் வாரத்தில் நடந்த கூத்து தனிக் கதை. நாட்டில் 2 கோடியே 20 லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் காசு. கூடை நிறையச் சாமானை வைத்துக்கொண்டு ஜனங்கள் நிற்கிறார்கள், மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு பாட்டி முக்கால் மணி நேரம் அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் மாடி
8 நவம்பர் 2025, இரவு 11.20

மெனு ரஹ்மா கேட்டுப் பார்த்தாயா? 5 வெள்ளிக்கு சோறு, கோழி அல்லது மீன், காய்.

லயத்துக்கிளி
8 நவம்பர் 2025, இரவு 11.26

பலகை தொங்குகிறது அண்ணே. 12 மணிக்கு வகுப்பு விட்டு ஓடினால் "முடிந்துவிட்டது" என்கிறார்கள். 11 மணிக்குப் போனால் "இன்னும் போடவில்லை". நடுவில் எப்போது போடுகிறார்கள், எப்போது முடிகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வெண்கட்டி
9 நவம்பர் 2025, காலை 7.02

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் நான். காலையில் தேநீரோடு இதைப் படித்தேன், தேநீர் இறங்கவில்லை.

மெனு ரஹ்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி கடைசியில் அப்போதைய உள்நாட்டு வாணிப அமைச்சர் சலாவுடின் அயூப் தொடக்கி வைத்தார். அவர் அதே ஆண்டு ஜூலையில் காலமாகிவிட்டார். கடைக்காரர்கள் தாங்களாக முன்வந்து போடுவது அது. அரசாங்கம் தட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து நடத்துவது இல்லை. அதனால் "ஏன் முடிந்தது" என்று யாரையும் கேட்க முடியாது.

எங்கள் தொடக்கப்பள்ளிகளில் அரசாங்கச் செலவில் சமைத்துத் தட்டில் போட்டுக் கொடுப்பது ஆர்எம்டியில்தான். அந்தக் கூடுதல் உணவுத் திட்டம் 1979-இல் வந்தது. வகுப்பில் யார் யார் வீட்டில் கஷ்டம் என்று பார்த்துப் பட்டியல் எழுதுவது எங்கள் வேலை. பட்டியல் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு பையன், நான்காம் ஆண்டு, பட்டியலில் பெயர் இருந்தும் கேண்டீனுக்கு வரவே மாட்டான். கூப்பிட்டு விசாரித்தால், "அது கஷ்டப்பட்ட பிள்ளைங்க சாப்பிடுறது சார்" என்கிறான். அவன் வீட்டில் ஐந்து பிள்ளைகள், அப்பா இல்லை. அப்புறம் எங்கள் தலைமையாசிரியர் ஒரு வேலை செய்தார். ஆர்எம்டி தட்டையும் காசு கொடுத்து வாங்குகிற தட்டையும் ஒரே நிறமாக்கி, ஒரே வரிசையில் நிற்க வைத்தார். அடுத்த வாரமே அந்தப் பையன் வரிசையில் நின்றான், இரண்டாவது முறை சோறும் கேட்டான்.

2020-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசக் காலை உணவு என்றார்கள். எல்லாருக்கும் என்றால் பட்டியலே வேண்டாம், வெட்கமும் இல்லை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். பிறகு அதை விட்டுவிட்டு ஆர்எம்டியையே கொஞ்சம் பெரிதாக்கினார்கள்.

இதில் கிளிக்கு என்ன என்று கேட்கிறீர்களா? ஆறாம் ஆண்டோடு அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் வருவது காசு, இல்லையென்றால் மூட்டை. அடுப்பு இருக்கிறவனுக்குத்தான் மூட்டை உதவும். காமராசர் காலத்தில்

வெண்கட்டி
9 நவம்பர் 2025, காலை 7.04

பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். காமராசர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் மாடி
9 நவம்பர் 2025, காலை 9.40

ஐயா, அது பொத்தான் இல்லை, தெய்வச் செயல்.

நேர்பேச்சு
9 நவம்பர் 2025, காலை 10.15

கோபித்துக்கொள்ள வேண்டாம். இப்போதைய பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் அரசாங்கம் கொடுக்க வேண்டும். கையில் இருக்கிற போன் 1,500 வெள்ளி, சாப்பாட்டுக்குக் காசில்லை என்பார்கள். நாங்கள் படிக்கும்போது வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனது புளிச்சோறு. அதைச் சாப்பிட்டுத்தான் ஆளானோம்.

லயத்துக்கிளி
9 நவம்பர் 2025, காலை 10.33

போன் 699 வெள்ளி. மாமா ஆறு மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்தார். வகுப்பு அறிவிப்பு, அசைன்மென்ட், வருகைப் பதிவு எல்லாம் அதில்தான். போன் இல்லாவிட்டால் வகுப்பே இல்லை.

புளிச்சோறு கட்டிப் போவதற்கு நான் வீட்டில் இல்லையே அண்ணே.

பால்வாளி
9 நவம்பர் 2025, மதியம் 1.48

நேர்பேச்சு தம்பிக்கு ஒரு வார்த்தை. நான் கித்தா (ரப்பர்) மரம் வெட்டிப் பால் எடுத்தவன். 72 வயது. என் பேத்தி டைப் செய்கிறாள்.

"எங்கள் காலத்தில் யாரும் கொடுக்கவில்லை" என்று சொல்லாதே தம்பி. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியும் முன்னே பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு அம்மாமார் மரத்துக்குப் போவார்கள். ஆயா பால்மாவைக் கரைத்துக் கொடுப்பார். எங்கள் தோட்டத்தில் பத்து மணிக்குக் கஞ்சியும் உண்டு. எனாமல் கோப்பை, விளிம்பெல்லாம் உதிர்ந்து கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புப் பக்கம் வாய் வைக்கக் கூடாது என்று எங்களுக்குள்ளே ஒரு சட்டம். என் தங்கை நடக்கப் பழகினதே அந்தக் கொட்டகையில்தான்.

தர்மத்துக்கு வைக்கவில்லை, அது எனக்கும் தெரியும். பிள்ளையைப் பார்க்க ஆள் இருந்தால்தான் அம்மா ஆறு மணிக்கு மரத்தில் நிற்பாள். துரைக்கு மரத்துப் பால் வேண்டும், அதற்காக எங்களுக்குப் பால் கொடுத்தான். ஆனாலும் வயிறு நிறைந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும். தோட்டம் துண்டானது, லயம் உடைந்தது, கொட்டகையும் போனது. தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகு பிள்ளையைப் பார்க்கவும் ஆளில்லை.

வாண்டு அம்மா
9 நவம்பர் 2025, மாலை 4.05

தாத்தா சொன்னதைப் படித்து அழுகையே வந்துவிட்டது. இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை. நான் கல்லூரிப் பிள்ளை இல்லை, வயது 23. மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். இரண்டாவது வயிற்றில், ஐந்து மாதம். மாமியார் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், ஜோகூருக்குப் போனால் ஐந்து நாள், ஆறு நாள்.

போன மாதம் கிளினிக்கில் மகளுக்கு எடை பார்த்தார்கள். 8.1 கிலோ. நர்ஸ் மிஸ்ஸி புத்தகத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். புள்ளி கோட்டுக்குக் கீழே இருந்தது. "என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். சோறும் ரசமும் என்றேன். முட்டை? சில நாள். பால்? டின் முடிந்தால் அடுத்த சம்பளம் வரைக்கும் தேத்தண்ணீர். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

சேர்ந்து இருப்பதால் மாமனார் பெயரில்தான் எல்லா உதவியும் வரும், எங்களுக்குத் தனியாகக் கிடையாது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

பாரம் நிரப்பும் அக்கா
9 நவம்பர் 2025, இரவு 8.30

வாண்டு அம்மா, உண்மை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஜனங்களுக்குப் பாரம், அதாவது விண்ணப்பத் தாள், நிரப்பிக் கொடுப்பவள் நான். வாரத்துக்கு இரண்டு பேராவது இதையே சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

எஸ்டிஆரில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். மாமியார் கூரையா, சொந்தக் கூரையா என்று அது பார்க்காது. இரண்டு பேர் வருமானமும் சேர்ந்து மாதம் 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். 2,500-க்குள் என்றால் தொகை கூடும், பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்த்தும் கூடும். விண்ணப்பம் வருமான வரி வாரியத்தின் பக்கத்தில். எஸ்டிஆர் குடும்பமாக ஏறிவிட்டால் சாரா மாதம் 100 வெள்ளி தானாக வரும்.

இ-காசிஹ் வேறு. அது அரசாங்கம் வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்களின் பட்டியல். மாவட்ட அலுவலகத்தில் பதியலாம், நமக்குக் கோலகங்சார் மாவட்டம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வருமானம் என்று விசாரிப்பார்கள். அதில் இருக்கிற குடும்பத்துக்கு இந்த ஏப்ரலிலிருந்து சாரா 200. உங்கள் மாமனார் சொல்வது இதை வைத்து இருக்கலாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். கல்யாணத்தைப் பதிந்தீர்களா?

வாண்டு அம்மா
9 நவம்பர் 2025, இரவு 9.12

கோயிலில் தாலி கட்டினோம் அக்கா. பதிவு போன வருஷம்தான் செய்தோம். மகள் பிறந்து மூன்று மாதம் கழித்து.

பாரம் நிரப்பும் அக்கா
9 நவம்பர் 2025, இரவு 9.40

பதிந்தாயிற்று அல்லவா, பிழைத்தீர்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்கள் கல்யாணத்தைப் பதிந்தே ஆக வேண்டும். மேளம், மண்டபம், 300 பேர் சாப்பாடு, போட்டோ ஆல்பம் எல்லாம் இருக்கும், பதிவுத் தாள் மட்டும் இருக்காது. "அப்புறம் செய்யலாம்" என்பார்கள். அப்புறம் பிள்ளை பிறந்து பிறப்புப் பத்திரத்தில் சிக்கல், எஸ்டிஆரில் துணைவர் பெயர் போட முடியாமல் சிக்கல். பாரத்தில் அவள் தனி ஆள், அவன் தனி ஆள். தனி ஆளுக்கு 21 வயதிலிருந்துதான் எஸ்டிஆர், வருமானமும் 2,500-க்குள் இருக்க வேண்டும். 20 வயதுத் தாய்க்கு ஒன்றுமே இல்லாமல் போகிறது. இப்படி மூன்று பிள்ளைகளை இந்த வருஷமே பார்த்துவிட்டேன்.

மகளுக்குக் கிளினிக்கில் உணவுக்கூடை கேளுங்கள். எடை குறைந்த பிள்ளைகளுக்கென்று சுகாதார அமைச்சு 1989-இலிருந்து நடத்துகிறது. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரைக்கும். எடையையும் பார்ப்பார்கள், வீட்டு வருமானத்தையும் பார்ப்பார்கள். மிஸ்ஸியிடம் நேராகக் கேட்கலாம், வெட்கம் வேண்டாம். உங்கள் ரத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோபக்காரன்
9 நவம்பர் 2025, இரவு 11.58

என் கல்லூரியில் மலாய்ப் பிள்ளைகளுக்கு ஜக்காத்தில் காசு கிடைக்கிறது. நமக்கு? இதைக் கேட்டால் இனவாதம் என்பார்கள்.

பாரம் நிரப்பும் அக்கா
10 நவம்பர் 2025, காலை 6.50

ஜக்காத் முஸ்லிம்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கிறது தம்பி. மாநில சமய மன்றங்கள் வசூலித்துப் பங்கிடுகின்றன. எஸ்டிஆர், சாரா மாதிரி வரிப்பணத்தில் வரும் உதவி அல்ல. அவர்கள் சமூகம் தன் பிள்ளைக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நம் கோயில் திருவிழாவில் மூன்று நாள் அன்னதானம் நடக்கிறது, நாலாவது நாள் ஹாஸ்டலில் இருக்கிற நம் பிள்ளையை யார் பார்க்கிறோம்? கோபத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பலாமே.

நடத்துநர்
10 நவம்பர் 2025, காலை 8.15

இந்தப் பேச்சு இதோடு போதும். இதன் கீழ் வந்த ஏழு பதிவுகளை எடுத்துவிட்டேன். சோற்றுக்குத் திரும்புவோம்.

மூன்றாம் மாடி
10 நவம்பர் 2025, மதியம் 12.37

கிளி, உன் கல்லூரியில் மாணவர் விவகார அலுவலகம் இருக்கும், ஹெப் என்பார்கள். அங்கே ஃபூட் பேங்க் அலமாரி இருக்கிறதா பார். நான் படித்த இடத்தில் இருந்தது. பெயர் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சில இடத்தில் பெயரும் வேண்டாம். வார்டனைக் கேட்காதே, ஹெப்பைக் கேள்.

முனைக்கடை
10 நவம்பர் 2025, இரவு 9.03

ஒன்று எச்சரித்துவிடுகிறேன். "சாராவில் 100 வெள்ளிக்குத் தேய்த்துக்கொண்டு கையில் 80 கொடு" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். செய்கிற கடைகளும் இருக்கின்றன என்று கேள்வி. போகாதே தங்கச்சி. 20 வெள்ளி நஷ்டம், மாட்டினால் மானமும் நஷ்டம்.

மீதி 37 வெள்ளிக்கு ஒரு யோசனை. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி, அதற்கு மேல் விற்கக் கூடாது. 5 கிலோ 13. ஆனால் எல்லா நாளும் கிடைக்காது, வந்த அன்றைக்கே போய்விடும். அதை வாங்கி, அடுப்பு இருக்கிற யாரிடமாவது கொடுத்துச் சேர்ந்து சாப்பிடு. விற்கிறது இல்லை, பங்கு.

லயத்துக்கிளி
10 நவம்பர் 2025, இரவு 10.20

அடுப்பு இருக்கிற யார் அண்ணே? சீனியர் அக்காமார் நாலு பேர் வெளியே தாமானில் வீடு எடுத்திருக்கிறார்கள். முகம் தெரியும், பேசினதில்லை. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் என்னவென்று சொல்வது?

பால்வாளி
11 நவம்பர் 2025, காலை 11.00

"அக்கா, அரிசி இருக்கு, அடுப்பு இல்லை" என்று சொல். அவ்வளவுதான்.

(பேத்தி: தாத்தா இதை ரொம்ப நேரம் யோசித்துச் சொன்னார்.)

லோரிமூலை
12 நவம்பர் 2025, இரவு 1.17

வாண்டு அம்மாவுக்கு ஒரு தகவல். நானும் லோரிதான். எஸ்டிஆர் என் பெயரில், அதனால் சாரா என் ஐசியில். அந்த ஐசி என்னோடு சிகாமட், பத்து பகாட் என்று சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் பால்மாவு முடிந்துவிட்டது என்று போன் வரும், 100 வெள்ளி என் பையில் இருக்கும். ஐசியை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது, சோதனையில் கேட்டால் என்ன சொல்வது? வீட்டுக்கு வருகிற நாளில் ஒரே மூச்சாக வாங்கிப் போட்டுவிடுகிறேன். முட்டை மட்டும் பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. நீங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் யார் பெயரில் போடுவது என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நான் அதை யோசிக்காமல் போட்டேன்.

வாண்டு அம்மா
14 நவம்பர் 2025, மாலை 6.22

எல்லாருக்கும் நன்றி. இன்று கிளினிக் போனேன். கூடையைப் பற்றி நான் வாய் திறக்கும் முன்னே மிஸ்ஸியே பாரத்தை எடுத்து வைத்திருந்தார். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் எல்லாம் நகல் கேட்டார். திருமணப் பத்திரம் கேட்டபோது அக்காவைத்தான் நினைத்தேன். எனக்கு ரத்தம் 9.8 என்றார், மாத்திரை கொடுத்தார். தேத்தண்ணீரோடு போடக் கூடாதாம். இத்தனை நாள் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்!

எஸ்டிஆர் என் பெயரில் போடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாமியார் முகம்தான் கொஞ்சம் சரியில்லை. "தனியாகப் பிரித்துக்கொண்டு போகப் பார்க்கிறாள்" என்று நினைக்கிறார் போல. சாரா அரிசி அதே பானையில்தான் வேகப்போகிறது, அது வந்த பிறகு புரியும்.

நேர்பேச்சு
14 நவம்பர் 2025, இரவு 9.47

அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் எல்லாருக்கும் 100 வெள்ளி என்று பட்ஜெட்டில் சொல்லியிருக்கிறார்கள். சீனப் பெருநாளுக்கும் நோன்புக்கும் முன்னால் வரும். கிளி, என்னுடையதை வாங்கிக் கொடுக்கிறேன், என்ன வேண்டும் என்று பிறகு எழுது. போன் விஷயம் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

லயத்துக்கிளி
16 நவம்பர் 2025, இரவு 10.05

நேர்பேச்சு அண்ணே, நன்றி. மனதில் வைக்கவில்லை. கொஞ்சம் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை ஹெப் போனேன். அலமாரி இருக்கிறது. முதல் செமஸ்டரிலிருந்து அந்த வழியாகத்தான் போகிறேன், அதை ஏதோ ஃபைல் அலமாரி என்றே நினைத்திருந்தேன். புத்தகத்தில் பெயர், அறை எண் எழுத வேண்டும். எனக்கு முன்னால் எழுதியிருந்த பெயரைப் பார்த்தால், என் வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிற பெண். தினம் என்னோடு கேண்டீன் வருவாள், "டயட்" என்று சொல்லித் தண்ணீர் மட்டும் குடிப்பாள். நான் எதுவும் கேட்கவில்லை. அலமாரியில் பிஸ்கட், சார்டின், மெகி. மெகியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பிஸ்கட்டும் இரண்டு டின்னும் எடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் 5 கிலோ அரிசியும் பத்து முட்டையும் ஐசியில் வாங்கினேன், ஒரு பாக்கெட் பருப்பு மட்டும் கைக்காசில். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுக்கொண்டேன். "டயட் அப்புறம் பார்க்கலாம், வா" என்றேன். மழை வேறு. மூட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு தாமான் வரைக்கும் நடந்தோம். கதவு திறந்த அக்காவிடம் தாத்தா சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன், "அக்கா, அரிசி இருக்கு, அடுப்பு இல்லை." அவர் உள்ளே திரும்பி, "ஏய், நம்ம வீட்டுக்கு அரிசி வந்திருக்குடி!" என்று கத்தினார். அவர்களுக்கும் மூன்று நாளாக அரிசி இல்லையாம், மெகிதான் ஓடியதாம்.

வாரத்துக்கு நாலு இரவு அங்கே சாப்பிடுவது என்று பேச்சு. சமைக்கிறதில் எனக்கும் முறை உண்டு. நேற்று என் முறை. பருப்பு அடிபிடித்துவிட்டது, சோறு குழைந்து கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் இரண்டாவது தடவை யாரும் போட்டுக்கொள்ளவும் இல்லை. வீட்டில் அம்மா எப்போதும் சயாம் (தாய்லாந்து) அரிசி வைப்பார், அதற்கு வைக்கிற தண்ணீரையே வைத்தேன். இந்த உள்ளூர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர்?

முனைக்கடை
16 நவம்பர் 2025, இரவு 10.19

அரிசி புதுசு என்றால் தண்ணீர் கம்மியாக வை. ஒன்றுக்கு ஒன்றேகால் போதும்.

வாண்டு அம்மா
16 நவம்பர் 2025, இரவு 10.24

கப் கணக்கு வேண்டாம் தங்கச்சி. அரிசியைச் சமமாகத் தட்டிவிட்டு விரலை மேலே நிறுத்து, முதல் கணு வரைக்கும் தண்ணீர். குக்கர் நின்றதும் உடனே திறக்காதே, பத்து நிமிஷம் விடு. பருப்புக்குத் தீயை அதிகமாகப் போட்டாயா?

லயத்துக்கிளி
16 நவம்பர் 2025, இரவு 10.26

போட்டேன்.

வாண்டு அம்மா
16 நவம்பர் 2025, இரவு 10.27

அதுதான் அடிபிடித்துவிட்டது. அடுத்த முறை குறைத்து வை.